மூடியைத் திறக்கும் முன்

குவார்ட்ஸ் என்ற சொல் கோலார் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது வரை, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக பூமிக்கடியில் துரத்திப் போனது குவார்ட்ஸ் பாறை ஓட்டத்தைத்தான். தங்கம் அதற்குள்தான் ஒளிந்திருந்தது. சாம்பியன் ரீஃபில் அதைத் தேடி 3 கி.மீ.க்கும் கீழே போனார்கள். கல்லைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் கழுவி, தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மேடாகக் கொட்டினார்கள். அந்தச் சயனைடு மேடுகள் இன்னும் ஊரை வளைத்துக்கொண்டு நிற்கின்றன.

அந்தக் கல்லின் தூரத்துச் சொந்தம் ஒன்று இப்போது ஊர்க்காரர்களின் மணிக்கட்டில் இருக்கிறது. வாட்சுக்குள் போகும் குவார்ட்ஸ் சுரங்கத்தில் வெட்டியதல்ல, தொழிற்சாலையில் அழுத்தத்திலும் சூட்டிலும் வளர்த்தெடுத்தது. ஆனால் இனம் ஒன்றுதான்.

சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயலில் வாட்ச் அவசியப் பொருளாக இருக்கவில்லை. ஷிஃப்ட் சங்கு ஊதினால் மணி தெரிந்துவிடும். சமையலும் குழந்தைகளின் பள்ளிக்கூடமும்கூட சங்கின் கணக்கில்தான் நடந்தன. சங்கு அடங்கிய பிறகு ஊர் ரயில் அட்டவணையின் கைக்குப் போய்விட்டது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் கூட்டத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இன்னொரு பக்கம், வெளிநாடு போன பிள்ளைகள் லீவில் வரும்போது அப்பாவுக்கென்று வாங்கி வரும் வாட்ச்கள். ராடோ, லாஞ்சின்ஸ், டிஸ்ஸோ, டேக் ஹோயர். கல்யாணத்துக்கும் சர்ச்சுக்கும் கட்டிக்கொண்டு போய்விட்டு மறுபடி பீரோவில் பூட்டி வைக்கிற ஜாதி.

இரண்டு மூன்று வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் விநாடி முள் விபரீதமாக நடந்துகொள்ளும். நாலு விநாடி சும்மா நிற்கும், சடாரென்று நாலு கட்டம் தாவும். மறுபடி நிற்கும், மறுபடி தாவும். வாட்ச் கெட்டுவிட்டது என்று வீட்டில் கவலை தொடங்கிவிடும். உண்மையில் வாட்ச் அப்போதுதான் மிகவும் பொறுப்பாக நடந்துகொள்கிறது. செல் தீரப் போகிறது, சில நாட்களுக்குள் மாற்று என்று அது கொடுக்கும் முன்னறிவிப்பு அது. பல நல்ல குவார்ட்ஸ் மெஷின்களில் இந்த ஏற்பாடு உண்டு. தாவும் காலத்திலும் நேரம் பிசகாது. எல்லா வாட்சிலும் இந்த மரியாதை கிடையாது, சில சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

உள்ளே நடப்பது எளிமையான சமாசாரம். பட்டன் மாதிரி ஒரு சில்வர் ஆக்ஸைடு செல், 1.55 வோல்ட். (1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊருக்கு இது மிகவும் அற்பமான வோல்டேஜ்.) இசைக்கவை வடிவத்தில் வெட்டிய மெல்லிய குவார்ட்ஸ் துண்டில் அந்த மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் பதினைந்தாவது தடவையில் ஒன்று மிஞ்சும். விநாடிக்கு ஒரு துடிப்பு. ஒரு குட்டி மோட்டார் அந்தத் துடிப்புக்கு ஒரு அடி எடுத்து வைக்கிறது. முள் நகர்கிறது. வெள்ளியும் துத்தநாகமும் கலந்த அந்தச் செல்லுக்கு ஒரு குணம்: கடைசி வரை வோல்டேஜை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வைத்திருந்துவிட்டு முடிவில் சட்டென்று விழும். எனவே வாரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக ஓடும் வாட்சுக்கு செல்லைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தப்பு. பல்சக்கரங்களில் அழுக்கோ காய்ந்த எண்ணெயோ இருக்கலாம்.

குவார்ட்ஸ் என்றால் மலிவு என்ற எண்ணம் பின்னால் வந்தது. 1969 டிசம்பர் 25 அன்று செய்கோ கம்பெனி டோக்கியோவில் விற்பனைக்கு வைத்த ஆஸ்ட்ரான்தான் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். அதற்குத் தங்கக் கூடு. விலை 4,50,000 யென், அன்றைக்கு ஜப்பானில் ஒரு சிறிய கார் வாங்கும் பணம். அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் விலை சரிந்து, ஸ்விட்சர்லாந்தின் வாட்ச் தொழிலில் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். தங்கவயலுக்குப் பக்கத்திலேயே அந்தக் கதையின் இந்திய அத்தியாயம் நடந்தது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்எம்டி, சாவி கொடுக்கும் வாட்சில் ராஜாவாக இருந்தது. டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் அமைத்த டைட்டன், 1987இல் குவார்ட்ஸை நம்பிக் கடை திறந்தது. யார் ஜெயித்தது என்பது தெரிந்ததே. எச்எம்டி வாட்ச் தொழிற்சாலைகள் 2016இல் மூடப்பட்டன. டைட்டனின் நெபுலா வரிசையில் 18 காரட் தங்கத்தில் கூடு செய்து உள்ளே குவார்ட்ஸ் மெஷின் வைத்த வாட்ச்கள் வந்தன. தங்கமும் குவார்ட்ஸும் ஒன்றாகக் கிடந்தது தங்கவயலின் பூமிக்குள் மட்டுமல்ல.

சரி, செல் தீர்ந்துவிட்டது. இப்போது வாட்சை எங்கே கொண்டு போவது? ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் கண்ணில் லென்ஸ் வைத்து உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்காரரிடமா? அல்லது ரயிலேறி பெங்களூரில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கா? முதலாவது இடத்தில் பத்து நிமிடம், இரண்டாவது இடத்தில் பல நாள். முதலாவதில் ஒரு டிபன் காசு. இரண்டாவதில் பில்லைப் பார்த்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: ஒரு பட்டன் செல்லுக்கா இவ்வளவு?

கேள்வி நியாயமாகத் தோன்றினாலும் அடிப்படையில் கோளாறு உள்ளது. செல்லின் விலை இந்த விவகாரத்தில் மிக அற்பமான பகுதி. ஸ்விஸ் கம்பெனியான ஈட்டா செய்த 955 வரிசை குவார்ட்ஸ் மெஷினை டிஸ்ஸோவும் பயன்படுத்தியது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள டேக் ஹோயரும் பயன்படுத்தியது. இரண்டுக்குள்ளும் போவது 371 என்ற எண்ணுள்ள ஒரே செல்தான். கடைத்தெருவில் கிடைப்பதும் அதுதான், ஷோரூமில் போடுவதும் அதுதான். சர்வீஸ் சென்டர் காசு வாங்குவது வாட்சின் பின்மூடியைக் கீறாமல் திறந்து, திறப்பதற்கு முன்பு இருந்த அதே இறுக்கத்தில் திரும்ப மூடித் தருவதற்கு. விலை உயர்ந்த வாட்ச் பாழாவது பெரும்பாலும் அந்தத் திறப்பிலும் மூடலிலும்தான்.

பின்மூடி மூன்று வகை. திருகி மூடுவது ஒன்று. அதன் விளிம்பில் உள்ள பள்ளங்களில் கச்சிதமாக உட்காரும் சாவி வேண்டும். அது இல்லாத இடத்தில் கவராயத்தின் இரண்டு முனைகளை வைத்துத் திருகுவார்கள். முனை ஒரு தடவை வழுக்கினால் போதும், மூடியில் குறுக்காக ஒரு கோடு. எஃகுக்கே அந்தக் கதி என்றால் தங்கக் கூட்டுக்குக் கேட்க வேண்டாம். தங்கம் எவ்வளவு மெத்து என்று தங்கவயல்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது, டப்பா மூடி மாதிரி அமுக்கி மூடுவது. திறப்பதற்குக் கத்தி முனை செருக ஒரு சின்ன உதடு இருக்கும். இதில் ஆபத்து மூடும்போது. மெல்லிய டிரெஸ் வாட்சில் மூடி கட்டைவிரலுக்கு மசியாது. பிரெஸ் என்ற சின்னக் கருவியில், அளவுக்கேற்ற அச்சு வைத்து, நேராக அமுக்க வேண்டும். அச்சு தவறிக் கண்ணாடியின் நடுவில் அழுத்தம் விழுந்தால் சஃபையர் கண்ணாடி விரிந்துவிடும். சஃபையரில் கீறல் விழாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது உண்மையும்கூட. ஆனால் கீறாத பொருள் எல்லாம் உடையாத பொருள் அல்ல. அடி வாங்கினால் சாதாரண கண்ணாடி போலவே நொறுங்கும். செராமிக் கூடும் அப்படித்தான்.

மூன்றாவது, மூலைக்கு ஒன்றாக நாலு குட்டித் திருகாணிகள். கார்டியே டேங்க் போன்ற சதுர வாட்ச்களில் பார்க்கலாம். ஸ்குரூ டிரைவர் முனை சரியாகத் தீட்டப்படாவிட்டால் திருகாணித் தலை சிதைந்துபோகும். அடுத்த தடவை திறக்க வருபவர் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார், யாரோ ஏற்கனவே கைவைத்திருக்கிறார்கள் என்று.

திறந்த பிறகும் நிதானம் தேவை. செல்லுக்குப் பக்கத்திலேயே தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும். செல்லை நெம்பி எடுக்கும் முனை அங்கே ஒரு தட்டுத் தட்டினால் கம்பி அறுந்துவிடும். புது செல் போட்டாலும் முள் அசையாது. அதன் பிறகு அரை மெஷினையோ முழு மெஷினையோ மாற்ற வேண்டும். உலோக இடுக்கியால் செல்லின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் அந்தச் சில விநாடிகளிலேயே அதன் ஆயுள் குறையும். நல்ல ரிப்பேர்காரர் பிளாஸ்டிக் இடுக்கி வைத்திருப்பார். செய்கோ மெஷின்கள் சிலவற்றில் செல் போட்ட பிறகு ஏசி என்று குறித்த புள்ளியையும் செல்லையும் ஒரு கணம் தொடர்புபடுத்த வேண்டும். அது தெரியாதவர், மெஷின் போய்விட்டது என்று கைவிரித்துவிடுவார்.

செல்லிலும் ஒரு நுணுக்கம். 371 என்பது சில்வர் ஆக்ஸைடு. பார்வைக்கு அச்சாக அதே அளவில், அட்டையில் பத்துப் பத்தாகக் குத்தி வரும் ஆல்கலைன் செல்லும் கிடைக்கிறது, விலை மிகக் குறைவு. பொம்மைக்கும் கால்குலேட்டருக்கும் அது போதும். வாட்சில் போட்டால் சீக்கிரம் தீரும், அதைவிடக் கெடுதி, ஒழுகும். சுமார் 35 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் 371 செல், ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம் மட்டுமே குடிக்கும் மெஷினில் மூன்று வருடம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆறு மாதத்தில் தீர்ந்துவிட்டது என்றால் ஒன்று, கடையில் கிடந்து பழசான செல். அல்லது எண்ணெய் காய்ந்துபோன மெஷின், முள்ளைத் தள்ளக் கூடுதலாக மின்சாரம் இழுக்கிறது. பின்னது என்றால் சர்வீஸ் சென்டர்காரர் ‘முழு சர்வீஸ் பண்ண வேண்டும்’ என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பத்து வருடம் திறக்காத வாட்சுக்கு அது நியாயமான யோசனை. வாங்கி மூன்றே வருடமான வாட்சுக்கும் அதையே சொன்னால், மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அளக்கும் கருவி எல்லா சர்வீஸ் சென்டரிலும் இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது மூடிக்கும் கூட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம். கடையில் வாஷர் என்பார்கள், கம்பெனி பில்லில் கேஸ்கெட் என்றிருக்கும். தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் காப்பது இதுதான். சில வருடங்களில் இது இறுகிப்போகும், தட்டையாகும், வெடிக்கும். மூடியைத் திறந்தவுடன் இதைப் பார்த்து, சந்தேகமிருந்தால் மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவி உட்கார வைக்க வேண்டும். அவசரத்தில் மூடும்போது வளையம் நெளிந்து விளிம்பில் கடிபட்டால், பார்வைக்கு வாட்ச் மூடியிருக்கும், தண்ணீருக்குத் திறந்திருக்கும். மூடிய பிறகு காற்றழுத்தப் பெட்டியில் வைத்துச் சோதித்தால்தான் அது தெரியும். நல்ல சர்வீஸ் சென்டரில் இந்தச் சோதனை பில்லோடு சேர்ந்தது. கடைத்தெரு மேஜையில் பெரும்பாலும் இந்தப் பெட்டி இருக்காது.

இங்கே இன்னொரு பரவலான குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் மழைத் தூறலையும் தாங்கும், அவ்வளவுதான். குளிக்கும்போதுகூடக் கழற்றி வைப்பது நல்லது. அதுவும் புதுசாக இருந்தபோது கொடுத்த வாக்குறுதி. மூடியை ஒரு தடவை திறந்து, வளையம் மாற்றாமல், சோதிக்காமல் மூடினால் அந்த வாக்குறுதி காலாவதி.

எனவே ராபர்ட்சன்பேட்டையா, பெங்களூரா? தண்ணீரில் போடும் வாட்ச், செராமிக் வாட்ச், தங்கக் கூடு, உத்தரவாதம் முடியாதது, இந்த நான்குக்கும் பெங்களூர்தான். ரயில் செலவும் காத்திருப்பும் நஷ்டமல்ல. மற்றபடி, பீரோவிலேயே வாழும், மழை படாத ஒரு எஃகு டிரெஸ் வாட்சை அனுபவமுள்ள உள்ளூர் ரிப்பேர்காரரிடம் கொடுப்பதில் தவறேயில்லை. சுரங்கத்து இயந்திரங்களைக் கழற்றி மாட்டிய ஊரில் கைவேலைக்குப் பஞ்சம் கிடையாது. ஷோரூமின் ஏசி அறையில் இருப்பவரை விட, முப்பது வருடமாக எச்எம்டி மெஷினைப் பிரித்துச் சேர்த்தவரின் கை நிதானமாக இருக்கக்கூடும். ஆனால் கொடுப்பதற்கு முன்பு கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். “அண்ணே, சில்வர் ஆக்ஸைடு செல்தானே? வாஷர் இருக்கா? இந்த மூடிக்குச் சாவி வச்சிருக்கீங்களா?” என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எப்படி வருகிறது என்பதிலேயே ஆள் தெரிந்துவிடும். ‘இதுக்கு நம்மகிட்ட சாவி இல்லீங்க, பெங்களூர் கொண்டு போங்க’ என்று திருப்பி அனுப்புகிறவர்தான் கெட்டிக்காரர். அடுத்த வாட்சை அவரிடம் கொடுக்கலாம். பர்சிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு முன் பின்மூடியையும் கண்ணாடியையும் போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வதும் நல்லது. கீறல் முன்பே இருந்ததா என்ற வாக்குவாதம் மிச்சம்.

ரிப்பேர்காரர்களுக்கு இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. மூடியைத் திறந்ததும் வாட்ச் அசலா என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வெளியில் பெரிய ஸ்விஸ் பெயர், உள்ளே பெயரில்லாத பிளாஸ்டிக் மெஷின். மகன் ஆசையாக வாங்கி வந்தது என்று சொல்லிக்கொண்டு எதிரே நிற்கும் பெரியவரிடம் அதைச் சொல்வதா, செல்லை மாட்டிப் பேசாமல் மூடிவிடுவதா? கேட்டால் மட்டும் சொல்வது என்பது பலர் வைத்திருக்கும் ஏற்பாடு.

சூரிய வெளிச்சத்தில் ஓடும் வாட்ச்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிட்டிசனின் ஈகோ டிரைவில் இருப்பது திரும்பத் திரும்ப சார்ஜ் ஆகும் தனி வகை செல். அதுவும் பல வருடங்களுக்குப் பிறகு தளரும். அளவு சரியாக இருக்கிறதென்று சாதாரண செல்லை அங்கே போட்டால், சார்ஜ் ஏற்றக்கூடாத செல்லில் சார்ஜ் ஏறி, ஒழுகி, மெஷினைத் தின்றுவிடும். கார்டியேவே 2021இல் டேங்க் வாட்சில் சூரிய ஒளி மெஷின் வைத்து, சராசரியாக 16 வருடம் மாற்ற வேண்டியதில்லை என்று அறிவித்தது. செல் மாற்றும் அலைச்சல் விலை உயர்ந்த வாட்சுக்கும் அழகல்ல என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

மாற்றி வாங்கி வந்த வாட்சை ஒரு வாரம் கவனிக்க வேண்டும். வெயிலில் போய்விட்டு ஏசி அறைக்குள் நுழையும்போது கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. அன்றே திருப்பிக் கொண்டுபோனால் காப்பாற்றலாம், ஒரு மாதம் விட்டால் டயலில் புள்ளி விழும். கழற்றிய பழைய செல்லைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி எங்கும் போடக்கூடாது. விழுங்கினால் தொண்டையைப் புண்ணாக்கும்.

நின்றுபோன வாட்சை அப்படியே பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் தங்கவயலில் நிறைய. அப்பா கட்டியது, விற்க மனமில்லை, ஓடவைக்கவும் அவசரமில்லை. தீர்ந்த செல்தான் அதிகம் ஒழுகும். புடவைகளுக்கு நடுவில் கிடக்கும் வாட்சுக்குள் அந்தக் காரம் மெல்லப் பரவி முதலில் செல் உட்காரும் தகட்டையும், பிறகு காயிலையும் அரித்துவிடும். பேரன் ஒரு நாள் ஆசைப்பட்டு எடுக்கும்போது வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். இப்போதைக்குக் கட்டப் போவதில்லை என்றால் புது செல்கூட வேண்டாம். பழையதைக் கழற்றிவிட்டு மூடித் தரச் சொன்னால் போதும், எந்த ரிப்பேர்காரரும் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்.